லாட்வியாவில் தலைநகர் ரீகாவைத் தவிரப் பார்க்கத் தகுந்த ஊர் எது?

கேட்டவர்களில் பாதிப் பேர் கோட்டை இருக்கும் சிகுல்தாவைத்தான் சொல்வார்கள். என் விடை மஸிர்பே. நாட்டின் வடமேற்கு முனையில், கொல்கா முனைக்குத் தென்மேற்கே உள்ள கடலோரச் சிற்றூர்.

அங்கே பைன் காடும் மணலும் கடலும் சிதறிக் கிடக்கும் மர வீடுகளும்தான். ‘ஐரோப்பாவில் இப்படி ஆளரவமற்ற கடற்கரையா!’ என்று வந்துபோகிறவர்கள் சிலாகிப்பார்கள். எனக்கு அந்தச் சிலாகிப்பில் ஓர் உறுத்தல் உண்டு. ஆளரவம் தானாக அடங்கிவிடவில்லை.

இது லிவோனியர் என்ற மீனவ இனத்தாரின் ஊர். அவர்களுடைய மொழி எஸ்தோனிய மொழிக்குச் சொந்தம்; சுற்றிலும் பேசப்படும் லாட்விய மொழியோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1939 ஆகஸ்டில் பின்லாந்து, எஸ்தோனியா, ஹங்கேரி ஆகிய உறவுமொழி நாடுகளின் உதவியோடு இங்கே லிவோனியர் மக்கள் இல்லம் திறக்கப்பட்டது. மறு ஆண்டே சோவியத் படை வந்துவிட்டது. போருக்குப் பின் இந்தக் கரையே எல்லைக் காவல் மண்டலமாயிற்று. வெளியூர்க்காரர் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். மாலையில் கரை மணலைப் பரம்படித்து வைப்பார்கள். காலையில் அதில் காலடி தெரிந்தால் விசாரணைதான். கடல் வழியே சுவீடனுக்குத் தப்பிவிடலாம் அல்லவா! மீன்பிடித் தொழில் பெரிய துறைமுகங்களுக்குப் போக, பிழைப்பைத் தேடி இளைஞர்களும் போனார்கள்.

மிச்சத்தைக் காட்டுக்குள் பார்க்கலாம். கடலுக்குப் போக வழியில்லாத படகுகளை இழுத்துவந்து மரங்களுக்கிடையே போட்டுவிட்டார்கள். பலகைகள் மக்கி, விலாக்கட்டைகள் மட்டும் பாசி படர்ந்து நிற்கின்றன. துருவேறிய ஆணிகள் துருத்திக்கொண்டிருக்கும், குழந்தைகளோடு போனால் கவனம்.

லிவோனிய மொழியைத் தாய்மொழியாகக் கற்ற கடைசி மனிதராகக் கருதப்படும் கிரிசெல்டா கிறிஸ்டினா, பக்கத்து வைதே கிராமத்தில் 1910இல் பிறந்தவர். 2013இல் கனடாவில் காலமானார். பின்னாளில் கற்றுப் பேசுகிறவர்கள் இன்றும் சிலர் இருக்கிறார்கள். ஆகஸ்டு முதல் சனிக்கிழமை மஸிர்பேயில் நடக்கும் லிவோனியர் விழாவுக்குப் போனால் அம்மொழிப் பாடல்களைக் கேட்கலாம்.

பஸ் குறைவு, கார் இருந்தால் நல்லது. கொல்காவில் புகையிட்ட மீன் வாங்கிச் சாப்பிடுங்கள். ஆனால் கொல்கா முனையில் குளிக்க இறங்க வேண்டாம். பால்டிக் கடலும் ரீகா வளைகுடாவும் மோதும் இடம், நீரோட்டம் பொல்லாதது.