நான்கு பரம்பரையலகுகளும் இரண்டு ஏக்கர் வயலும்

மதிப்பிற்குரிய ஐயா,

முல்லைத்தீவு மாவட்டப் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். வேறு கலங்களாக மாறக்கூடிய குருத்துக் கலங்களை ஆராய்ந்த யமனாக்காவை, சத்திரசிகிச்சையில் தோற்று நோபல் பரிசில் வென்ற மனிதராக மாணவருக்குச் சொல்லி வந்தேன். இப்போது அவருடைய பெயர் எங்கள் வீட்டிலேயே அடிபடுகிறது. 2009இல் எறிகணைச் சிதறல் பட்டு முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்ட என் அண்ணாவைக் குருத்துக் கல ஊசியால் நடக்க வைக்கலாம் என்று வெளிநாட்டு நிலையமொன்று துண்டுப்பிரசுரம் அனுப்பியிருக்கிறது. அதில் யமனாக்காவின் படமும் உண்டு. இரண்டு ஏக்கர் வயலை விற்றுவிடலாம் என்கிறார் அம்மா. நம்பலாமா?

ஓர் ஆசிரியை, புதுக்குடியிருப்பு

அன்புள்ள ஆசிரியைக்கு,

வயலை விற்க வேண்டாம் என்று அம்மாவிடம் இன்றே சொல்லுங்கள். அதற்கான காரணத்தை யமனாக்காவின் ஆய்வு வாழ்க்கையிலிருந்தே எடுத்துக் காட்டலாம்.

1987இல் ஜப்பானின் கோபே பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற சின்யா யமனாக்கா, எலும்பியல் சத்திரசிகிச்சைப் பயிற்சிக்குப் போனார். கை வேகம் போதாமல் ‘ஜமனாக்கா’, அதாவது இடைஞ்சல்காரர், என்று கேலிக்கு ஆளான கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. எவ்வளவு கைதேர்ந்த நிபுணராலும் குணப்படுத்த முடியாத முள்ளந்தண்டு வடக் காயக்காரரை அவர் அங்கே கண்டார் என்பதும், ஆய்வின் பக்கம் திரும்ப அதுவும் ஒரு காரணமாயிற்று என்பதுமே உங்கள் வீட்டுக்கு வேண்டிய செய்தி.

ஆனால் அவர் நேரே முள்ளந்தண்டுக்குப் போகவில்லை. சான் பிரான்சிஸ்கோவில், இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் என்று எதிர்பார்த்து ஒரு பரம்பரையலகை ஈரலில் மிகையாக இயங்கச் செய்தபோது, அந்தச் சுண்டெலிகளுக்கு ஈரல் புற்றுநோய் வந்தது. அது ஏன் என்று தேடிப் போனவருக்கு நாட்1 என்ற இன்னொரு பரம்பரையலகு அகப்பட்டது. அதை நீக்கிய முளையக் குருத்துக் கலங்கள் பெருகினவே தவிர, ஒழுங்காக வியத்தமடையவில்லை, அதாவது தனித்தனிப் பணிக்குரிய கலங்களாக மாறவில்லை. கொழுப்பில் தொடங்கியவர் குருத்துக் கலங்களுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான். 1999இல் ஜப்பானின் நாரா நகரில் தனி ஆய்வுகூடம் கிடைத்தபோது, குருத்துக் கலத்தை இழையமாக்கப் பலரும் முயன்றுகொண்டிருக்க, முதிர்ந்த கலத்தைக் குருத்து நிலைக்குத் திருப்ப முடியுமா என்று அவர் கேட்டார். வாற்பேத்தையின் குடற் கலக் கருவைத் தவளை முட்டைக்குள் வைத்துப் புதிய வாற்பேத்தையை வளரச் செய்து, பிரித்தானிய உயிரியலாளர் ஜோன் கேர்டன் 1962இலேயே அந்தக் கதவைத் திறந்திருந்தார்.

மாணவருக்கு நீங்கள் விரித்துச் சொல்ல வேண்டியது அடுத்து நடந்த பரிசோதனையைத்தான். தெரிவு செய்த 24 பரம்பரையலகுகளை அவருடைய மாணவர் கசுதோஷி தக்கஹாஷி ஒன்றாகச் சேர்த்துச் சுண்டெலியின் தோற் கலங்களுக்குள் செலுத்தியபோது, அவற்றுள் சில கலங்கள் குருத்துக் கலங்களைப் போல மாறின. பிறகு ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் விலக்கி, எது இல்லாவிட்டால் மாற்றம் நின்றுபோகிறது என்று பார்த்துப் பார்த்து நான்கில் வந்து நின்றார்கள். அந்த முடிவு 2006இல் வெளிவந்தது. 2007இல் மனிதக் கலங்களிலும் கைகூடியது. 2012இல் கேர்டனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அந்த நான்கில் ஒன்றான சி-மிக், புற்றுநோயோடு தொடர்புடையது என்பதைத் துண்டுப்பிரசுரம் சொல்லாது. முழுமையாக வியத்தமடையாத கலம் சிறிதளவு உடலுக்குள் போனாலும் கட்டி வளரலாம். கோபேயில் 2014இல் முதன்முறையாக, இப்படிக் குருத்து நிலைக்குத் திருப்பிய கலங்களிலிருந்து ஆக்கிய விழித்திரைப் படலத்தை நோயாளி ஒருவருக்குப் பொருத்தியவர்கள், அடுத்த நோயாளியின் கலங்களில் பரம்பரை மாற்றங்கள் தென்பட்டதும் அவருக்குப் பொருத்தாமலே நிறுத்திவிட்டார்கள். பரிசு பெற்றவரின் நாட்டிலேயே இவ்வளவு தயக்கம்.

முள்ளந்தண்டைப் பொறுத்தவரை, தோக்கியோவின் கெய்யோ பல்கலைக்கழகம் 2021இல் முதல் நோயாளிக்கு இவ்வகைக் கலங்களிலிருந்து ஆக்கிய நரம்பு முன்னோடிக் கலங்களைச் செலுத்தியது. 2025இல் வெளியிட்ட முடிவில், நால்வரில் இருவருக்கு அசைவில் முன்னேற்றம் தெரிந்தது; ஒருவர் எழுந்து நின்றார். அந்த நால்வருமே காயம்பட்டுச் சில வாரங்களுக்குள் கலம் பெற்றவர்கள் என்பதை அண்ணாவிடம் மறைக்க வேண்டாம். இத்தனை ஆண்டு பழைய காயத்தில் தழும்பு இறுகியிருக்கும். அதற்கு இந்த முடிவைச் சான்றாகக் காட்ட முடியாது.

நீங்கள் இணைத்திருந்த பிரசுரத்தைப் படித்தேன். சக்கர நாற்காலியில் ஒரு படம், நின்றபடி ஒரு படம், நடுவில் யமனாக்கா. ஊசியில் இருப்பது எலும்பு மச்சைக் கலமா, கொழுப்பிலிருந்து எடுத்ததா, யாருடைய கலம், எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், பிறகு எவ்வளவு காலம் அவர்களைக் கவனித்தார்கள் என்பதில் ஒரு வரிகூட இல்லை. இவற்றை எழுத்தில் கேளுங்கள். பணத்தை முன்கூட்டியே கேட்கும் இடம் பதில் தருமென்று எனக்குத் தோன்றவில்லை.

செலவழிக்க ஏதும் இருந்தால், படுக்கைப் புண் வராமல் காக்கும் நல்ல மெத்தைக்கும், சிறுநீர்த் தொற்றையும் சிறுநீரகத்தையும் காலந்தவறாமல் பரிசோதிப்பதற்கும் முதலிடம் கொடுங்கள். இடுப்புக்குக் கீழ் உணர்வற்றவரின் உயிருக்கு உலை வைப்பவற்றில் படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் முக்கியமானவை. அண்ணாவைக் கவனிக்கும் மருத்துவரிடம் பிரசுரத்தையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.