ஏஐ எழுதித் தள்ளுகிறது, படிப்பது யார்?

கேள்வி: ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் கோடு எழுதுகிறேன். ராத்திரி வீட்டுக்கு வந்து, நானே தொடங்கிய சின்ன ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியை, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தம் அனுப்பவும் பொதுவில் வைத்த கோடுத் தொகுப்பைப் பார்த்துக்கொள்கிறேன். இப்போது அதற்கு ஏஐ எழுதிய பேட்ச்களாக (கோடுத் திருத்தங்களாக) வந்து குவிகின்றன. அனுப்பியவருக்கே உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. மூடிவிடலாமா?
- பெயர் வேண்டாம், சோழிங்கநல்லூர்

பதில்: மூட வேண்டாம், கதவைக் கொஞ்சம் சாத்தி வையுங்கள். இது உங்களுக்கு மட்டும் வந்த தலைவலி இல்லை. போனிலிருந்து கார் வரை எல்லாவற்றிலும் ஓடுகிற, இணையத்தில் தரவை அனுப்பவும் வாங்கவும் உதவும் கர்ல் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளைப் பல வருஷமாகக் கவனித்துவரும் டேனியல் ஸ்டென்பெர்க், ஏஐ இட்டுக்கட்டிய பாதுகாப்புப் புகார்களைப் படித்துப் படித்து அலுத்துப்போய், ஓட்டை கண்டுபிடித்தால் பணம் என்ற திட்டத்தையே 2026 ஜனவரியோடு நிறுத்திவிட்டார். எழுத ஒரு நிமிஷம், பொய் என்று காட்ட அரை நாள். அங்கேதான் கணக்கு இடிக்கிறது.

அதற்காக உதவிக்கு வருகிறவரிடமெல்லாம் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். 2024-இல் வெளிவந்த, ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் விவகாரத்தில், தனியாளாகக் களைத்துப்போயிருந்த பராமரிப்பாளரிடம் நல்ல பிள்ளையாக நெருங்கித்தான், ரகசியமாக உள்ளே நுழையப் பின்வாசல் வைத்தார்கள். தொலைவிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் அரை விநாடி இழுப்பதை ஒருவர் கவனித்ததால் தப்பித்தோம்.

பேட்ச் வந்தால் "இந்த வரி எதற்கு?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தப் பேட்ச்சை மூடிவிடுங்கள், மன்னிப்பெல்லாம் வேண்டாம். அப்புறம், உங்கள் கம்பெனியே அந்த லைப்ரரியைப் பயன்படுத்துகிறதா? அப்படியானால் இந்த வேலைக்கென்று மேனேஜரிடம் வெள்ளிக்கிழமை மதியத்தைக் கேளுங்கள், ராத்திரியில் தூங்குங்கள்.