அப்பா நடிக்கவில்லை, பால் தடுக்கிறது

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. ஆறு வருடமாகப் பார்கின்சன் நோய். லெவோடோபா மாத்திரை மூன்று வேளை. வயிறு புண்ணாகக் கூடாதென்று காலை 8 மணி மாத்திரையை இட்லி சாம்பாரோடு, ஒரு டம்ளர் பாலில் என் மனைவி கொடுத்துவிடுவாள். 11 மணி வரை கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டார். மாலை 4 மணி மாத்திரையை அவரே தண்ணீரில் போட்டுக்கொண்டு, 5 மணிக்குத் தெருமுனை வரை நடக்கிறார். காலையில் மட்டும் நடிக்கிறாரா? மாத்திரை அளவைக் கூட்டச் சொல்லலாமா?

பதில்: பெற்ற தகப்பனை ‘நடிக்கிறார்’ என்று எழுத உங்களுக்குக் கை வந்திருக்கிறது. காலையில் பால், மாலையில் தண்ணீர் என்று நீங்களே எழுதியது மட்டும் கண்ணில் படவில்லை.

பார்கின்சனில் மூளையில் குறைவது டோபமைன், உடல் அசைவை நடத்தும் வேதிப்பொருள். அதை அப்படியே கொடுத்தால் இரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. அதனால்தான் மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் லெவோடோபாவைத் தருகிறார்கள். அது ஓர் அமினோ அமிலம். பாலிலும் பருப்பிலும் உள்ள புரதம் செரித்தால் வருகிற லியூசின், வேலின் போன்றவையும் அமினோ அமிலங்களே. சிறுகுடலில் எல்லாம் ஒரே வாசலில் முட்டி மோதுகின்றன. மூளையின் வாசலிலும் அதே நெரிசல். போதாததற்கு, வயிறு நிறைந்திருந்தால் மாத்திரை இரைப்பையிலேயே தங்கிவிடும்.

இந்த நிலையில் அளவைக் கூட்டினால் காலையில் உள்ள தடை அப்படியே இருக்கும், மாலையில் கைகால் தானாக நெளிய ஆரம்பிக்கும்.

நாளை முதல் 7 மணிக்கு அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் மாத்திரை. பால், காபி, இட்லி எல்லாம் 8 மணிக்கு. குமட்டினால் ஒரு ரஸ்க் போதும். வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு மட்டும் வேண்டாம், அது மூளையில் டோபமைனின் வேலையையே தடுக்கும். இரும்புச்சத்து மாத்திரை லெவோடோபாவைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மணி நேரமாவது தள்ளிக் கொடுங்கள். பூனைக்காலிப் பொடியிலும் லெவோடோபா உண்டு, டாக்டரைக் கேட்காமல் சேர்க்காதீர்கள். புரதத்தை நிறுத்திவிடவும் கூடாது, உடம்பு தேய்ந்துவிடும். பருப்பு, முட்டையின் பெரும்பங்கை இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றுங்கள். மலச்சிக்கல் இருந்தால் அதையும் கவனியுங்கள். மாத்திரையைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், எழுந்து நடந்த நேரம் மூன்றையும் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அளவைப் பற்றி அவர் சொல்லட்டும்.

அந்த 7 மணி மாத்திரையை மனைவி தலையில் கட்டாதீர்கள். அவர் உங்கள் அப்பா. மாத்திரையை எடுத்துக் கொடுத்து, அவர் விழுங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். நோட்டிலும் உங்கள் கையெழுத்தே இருக்கட்டும்.