புற்று மண்ணை அள்ளிப் பார்க்கும் மகள்

"வெளியே கூட்டிப்போனால் கறையான் புற்று, எலிவளை என்று கண்ட இடத்தில் குனிந்துவிடுகிறாள். ஜியாலஜிதான் படிப்பேன் என்கிறாள். அவள் மாமாக்களோ கடன் வாங்கியாவது கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்துவிடு என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் கலக்கம் புரிகிறது, அம்மா. ஆனால் நீங்கள் மகளைத் திருத்தச் சொல்கிறீர்கள். நான் மாமாக்களைத்தான் மறுக்கப் போகிறேன்.

அவள் குனிந்து பார்ப்பது விளையாட்டல்ல. ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவில் கலஹாரி பாலைவன மணலுக்கு அடியில் பல பத்து மீட்டர் ஆழத்தில் மறைந்து கிடந்தது ஜ்வானெங் வைரப்பாறை. ஈரம் தேடி ஆழத்துக்கு இறங்கிய கறையான்கள் மேலே ஏற்றிவந்த இல்மனைட், கார்னெட் என்ற கனிம மணிகள்தான் அதைக் காட்டிக்கொடுத்தன. வைரத்தைத் தேடுகிறவர்கள் முதலில் வைரத்தைத் தேடுவதில்லை. அதோடு கூடவே இருக்கும் இந்த மணிகளைத்தான் தேடுவார்கள். 1982இல் அங்கே சுரங்கம் திறந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் தங்கப் படிவின்மேல் நின்ற புற்றுகளில், சுற்றுமண்ணில் இருப்பதைவிடக் கூடுதலாகத் தங்கம் இருந்ததை விஞ்ஞானிகள் அளந்து சொன்னார்கள். புற்றைப் பார்த்து நிலத்தடி நீரைக் கணிக்கும் முறையை 6ஆம் நூற்றாண்டிலேயே வானியல் அறிஞர் வராகமிகிரர் தன் பிருஹத் சம்ஹிதை நூலில் எழுதிவைத்தார்.

இந்தத் துறைக்குப் பெயர் புவிவேதியியல் கனிமத் தேடல். நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் புற்று மண்ணையோ எலிவளையின் வாயில் குவிந்த மண்ணையோ எடுத்து, சலித்து, ஆய்வகத்தில் உலோக அளவு பார்ப்பார்கள். வரைபடத்தில் ஏற்றியதும், அளவு திடீரென்று கூடும் இடம் தனியே தெரியும். அதன் பிறகுதான் துளையிடும் இயந்திரம் வரும். துளையிடுவது பெருஞ்செலவு, எங்கே இடுவது என்பதை ஒரு பை மண் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. புற்று சொல்வதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. மேலே மூடியிருப்பது வேறெங்கிருந்தோ வந்து படிந்த மண்ணாக இருக்கலாம், கறையான் அந்த ஆழம் வரை இறங்காமலும் இருக்கலாம். இதைப் பிரித்தறியும் ஆளுக்குத்தான் சம்பளம்.

இளநிலையில் ஜியாலஜி, முதுநிலையில் பயன்பாட்டு நிலவியல் அல்லது புவிவேதியியல், கூடவே வரைபட மென்பொருளும் புள்ளியியலும். கம்ப்யூட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவள் தேடலுக்கு உதவும் அளவுக்கு அது போதும்.

வெயிலில் நடக்க வேண்டும், வாரக்கணக்கில் கூடாரத்தில் தங்க வேண்டும். கனிம விலை சரிந்தால் வேலையும் குறையும். இதை அவளிடம் மறைக்காதீர்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போவது நீங்கள், மாமாக்கள் அல்ல. பிள்ளைக்கு மனமில்லாத படிப்புக்குக் கடன் வாங்கவே வாங்காதீர்கள்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். வருடத்துக்கு எத்தனை நாள் களப்பயிற்சி, மாதிரி மண்ணை மாணவர்களே சோதிக்க விடுவார்களா என்று கேளுங்கள். கேள்வியை மகளே கேட்கட்டும்.