தராசைச் சரிபார்க்கும் பெண்ணுக்கு மருத்துவ சீட் எதற்கு?

"ஐஸ் கட்டியை எண்ணுறதுக்கா இவ்வளவு படிக்க வச்சோம்?" என்று உங்கள் அண்ணன் கேட்டதாகச் சொன்னீர்கள். சொல்லும்போது உங்களுக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், துருவக் கடலில் பனிக்கு நடுவே நிற்கும் ஆராய்ச்சிக் கப்பலில் வேலை பார்க்க வேண்டும் என்கிறாள். வீட்டில் எல்லோரும் மருத்துவம் என்கிறார்கள். மதிப்பெண் போதாது என்று தெரிந்ததும், வீட்டை அடகு வைத்தாவது ஒரு சீட் வாங்கிவிடலாம் என்பது வரை பேச்சு போயிருக்கிறது.

கவலைப்படாதீர்கள், யோசித்துச் செய்யலாம் என்று சொல்லித்தான் அன்று அனுப்பிவைத்தேன். அது போதாது என்று இரவில் தோன்றியது. அதனால் நேராகவே எழுதுகிறேன் அம்மா: வீட்டை அடகு வைக்காதீர்கள். பிடிக்காத படிப்பில் சேர்ந்து மூன்றாம் வருடம் விட்டுவிட்டு வந்த பிள்ளைகளை என் எதிரே உட்காரவைத்துப் பேசியிருக்கிறேன். பிள்ளை திரும்பி வந்துவிடுகிறது, வட்டி நிற்பதில்லை. சீட் வாங்கச் சொன்ன உறவினர் யாரும் தவணை கட்ட வந்ததாக எனக்கு நினைவில்லை.

மற்ற வழக்கமான படிப்புகளைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. அவற்றை உங்களுக்குச் சொல்ல ஒரு தெருவே இருக்கிறது.

முதலில் அண்ணனுக்கு ஒரு பதில். அவர் கிண்டலாகச் சொன்னது உண்மையிலேயே ஒரு வேலை. பனிக்கடலில் கப்பல் போகும்போது, மணிக்கொரு முறை ஒருவர் மாலுமி மேடையில் நின்று, கண்ணுக்கு எட்டிய கடலில் பத்தில் எத்தனை பங்கு பனி மூடியிருக்கிறது, அது எவ்வளவு தடிமன், மேலே எவ்வளவு வெண்பனி என்று குறிக்கிறார். கப்பல் உடைத்த பாளங்கள் பக்கவாட்டில் புரண்டு நிமிரும்; அந்த நொடியில், கைப்பிடியிலிருந்து தொங்கவிட்ட அளவுகோலோடு ஒப்பிட்டுத் தடிமனைச் சொல்ல வேண்டும். செயற்கைக்கோள் காட்டும் படம் சரிதானா என்று பார்க்க இந்தக் குறிப்புகள் உதவுகின்றன.

இப்போது மகளுக்குச் சொல்ல வேண்டியது. பெங்குவின் படம் பார்த்து வந்த ஆசை என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளட்டும். விஞ்ஞானியாகப் போனால் சில வாரங்கள் கடலில், பிறகு அந்தத் தரவோடு ஆண்டுக்கணக்கில் கணினி முன்னால். 2019 செப்டம்பரில் ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் கப்பல் நார்வேயின் துரோம்சோவிலிருந்து கிளம்பி, ஆர்க்டிக்கில் ஒரு பனிப்பாளத்தோடு தன்னைக் கட்டிக்கொண்டு, 2020 அக்டோபரில்தான் ஊர் திரும்பியது. அந்தப் பயணத்துக்கு மொசாயிக் என்று பெயர். 1893இல் நார்வே ஆய்வுப் பயணி நான்சென் தன் ஃபிராம் கப்பலை வேண்டுமென்றே பனியில் சிக்கவைத்து மிதந்து போன அதே யோசனைதான். மொசாயிக்கில் அளந்தவற்றை வைத்து இன்னும் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் அவள் விஞ்ஞானியாகத்தான் போக வேண்டுமா? ஆராய்ச்சிக் கப்பலில் விஞ்ஞானிகளும் மாலுமிகளும் மட்டும் இல்லை. இரண்டுக்கும் நடுவே யாரும் பேசாத ஒரு ஆள் இருக்கிறார்: கடல் கருவி டெக்னீஷியன். விஞ்ஞானிகள் பயணத்துக்குப் பயணம் மாறுவார்கள். கருவிகளை ஓட்டுகிறவர் பல பயணங்களில் அவரேதான்.

அவர் வேலை எப்படி இருக்கும் என்று ஒன்றை மட்டும் சொல்கிறேன். சிடிடி என்றொரு கருவி உண்டு. கடல்நீரின் மின்கடத்துதிறன், வெப்பநிலை, ஆழம் மூன்றையும் அளந்துகொண்டே கம்பிவடத்தில் கீழே இறங்கும். சுற்றிலும் வட்டமாகப் பாட்டில்கள், பெரும்பாலும் 24. வேண்டிய ஆழத்தில் ஒவ்வொன்றாக மூடி நீரைப் பிடித்துக்கொள்ளும். வெப்பமான கடலில் இது அன்றாட வேலை. பனிக்கடலில் அப்படியில்லை. கடல்நீர் உறைவது சுமார் மைனஸ் 1.8 டிகிரியில், மேலே காற்று மைனஸ் 25 என்றால், தண்ணீரைவிட்டு வெளியே வந்த கணமே கருவிக்கு ஆபத்து. சென்சாருக்குள் தேங்கிய துளி உறைந்தால் கண்ணாடிக் கலம் விரிசல் விடும். அதனால் கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச் இயந்திரத்தை ஓட்டுகிறவருக்குச் சைகை காட்டி, கருவியைச் சட்டென்று சூடான கூடத்துக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். பாட்டரி குளிரில் சோர்ந்துபோகும். மாற்றுப் பாட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொள்வார்கள். தடித்த கையுறையோடு சின்னத் திருகாணியைப் பிடிக்க முடியாது, கழற்றினால் விரல் மரத்துப்போகும். பனியில் விழுந்த திருகாணி விழுந்ததுதான். பன்னிரண்டு மணி நேர முறை, அது நள்ளிரவிலும் தொடங்கலாம்.

இதற்குப் பிறகுதான் முக்கியமான வேலை. மின்கடத்துதிறனை வைத்துச் சென்சார் காட்டிய உப்புத்தன்மையை அப்படியே நம்ப மாட்டார்கள். பாட்டிலில் வந்த நீரைத் தனியே இன்னொரு கருவியில் அளந்து, சென்சார் எவ்வளவு பிசகியிருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்தப் பிசகைக் குறித்துவைப்பார்கள்.

உங்கள் வீட்டுச் சமையலறைத் தராசைப் பற்றி நீங்கள் அலுத்துக்கொண்டீர்களே, நினைவிருக்கிறதா? ஒரு லிட்டர் தண்ணீர் வைத்துப் பார்த்து, 12 கிராம் அதிகம் காட்டுகிறது என்று கண்டுபிடித்து, "12 கழிக்கவும்" என்று சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறாள். "புதுசு வாங்கித் தர்றேன்னாலும் வேண்டாங்கிறா" என்றீர்கள். அம்மா, நான் மேலே சொன்ன வேலையைத்தான் அவள் சமையலறையில் செய்துகொண்டிருக்கிறாள். அண்ணன் மனசில் வைத்திருக்கும் மருத்துவர் இவள் இல்லை.

படிப்பு என்று கேட்டால் எலெக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன், இல்லையென்றால் நல்ல இயற்பியல். டிப்ளமோவில் தொடங்கினாலும் தப்பில்லை. துருவம் என்ற சொல்லைப் பெயரில் வைத்திருக்கும் விலையுயர்ந்த பட்டம் எதுவும் வேண்டாம். சாலிடரிங், நிரல் எழுதுதல், கயிறு முடிச்சு, ஹைட்ராலிக்ஸ் இவை கைக்கு வர வேண்டும். முதல் கப்பல் கரையோர ஆய்வுக் கப்பலாகத்தான் இருக்கும். பனிக்கடல் பிறகு வரும். கடல் பாதுகாப்புப் பயிற்சியும் உடல் தகுதிச் சான்றும் கேட்பார்கள், பல் உட்பட. நடுக்கடலில் கடைவாய்ப்பல் வலித்தால் கப்பலைத் திருப்ப முடியாதல்லவா.

ஒன்றில் மட்டும் நான் இறங்கிவர மாட்டேன். கப்பல் இடத்துக்கான செலவை ஆய்வுத் திட்டம்தான் ஏற்கும். "துருவ அனுபவம், சான்றிதழோடு" என்று யாராவது பணம் கேட்டால் அது சுற்றுலா. ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

பெண் பிள்ளை என்ற உங்கள் தயக்கத்தைத் தள்ளிவிட மாட்டேன். 1969 வரை அமெரிக்கக் கடற்படை பெண் ஆய்வாளர்களை அண்டார்டிகாவுக்கு ஏற்றிச்செல்லவே மறுத்தது. இன்று பெண்களே பயணத் தலைவர்களாகப் போகிறார்கள். பனிமேல் தனியாக யாரையும் இறங்கவிடுவதில்லை. ஆர்க்டிக்கில் பனிக்கரடிக்குத் துப்பாக்கியோடு காவல் நிற்பார்கள். பெரிய துருவக் கப்பல்களில் மருத்துவர் இருப்பார். ஆனால் மாதக்கணக்கில் ஓர் இரும்புக்கூட்டுக்குள் இருக்கும்போது சக மனிதர்களால் வரும் தொல்லையும் நடந்திருக்கிறது. யாரிடம் புகார் சொல்வது, அவர் கப்பலிலேயே இருப்பாரா என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அவள் கேட்க வேண்டும். கேட்டதற்காக முகம் சுளிக்கிற இடத்துக்கு அவள் போக வேண்டாம்.

விண்ணப்பத்தில் முதல் தெரிவை அவளே எழுதட்டும், பக்கத்தில் யாரும் உட்கார வேண்டாம். கடைசி நாளுக்குள் உங்கள் அண்ணனை ஒருமுறை என்னிடம் பேசச் சொல்லுங்கள். அந்த மணிக்கொரு முறை குறிப்பு எடுப்பதைப் பற்றி அவரிடம் நானே சொல்கிறேன்.