வாவிச் சேறும் எண்ணெய் ஷேலும்

அன்புள்ள ஐயா,
களுவாஞ்சிகுடிப் பக்கம் மட்டக்களப்பு வாவிக் கரையைத் தோண்டினால் கரிய சேறும் கூழ்முட்டை நாற்றமும் வருகின்றன. சூடாக்கினால் எண்ணெய் தரும் பாறையான எண்ணெய் ஷேலும் இத்தகைய சேற்றிலிருந்துதானே உண்டானது? எங்கள் மண்ணிலும் அது இருக்குமா?
— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒட்சிசன் எட்டாத சேற்றில் வாழும் பற்றீரியாக்கள் கடல்நீரோடு வந்த சல்பேற்றை ஐதரசன் சல்பைட்டாக மாற்றுவதால் அந்த நாற்றம் எழுகிறது. அந்த ஐதரசன் சல்பைட்டு இரும்போடு சேர்ந்து கரிய இரும்புச் சல்பைட்டாகி, அதில் ஒரு பகுதி காலப்போக்கில் பைரைட்டு என்னும் இரும்பு-கந்தகக் கனியமாகிறது. எண்ணெய் ஷேல்கள் பலவற்றிலும் பைரைட்டு இருப்பதால், உங்கள் ஊகத்துக்கு அடிப்படை உண்டு.

ஆனால் பாறையின் தரத்தைத் தீர்மானிப்பது அதிலுள்ள கெரோஜன். கரிமக் கரைப்பான்களில் கரையாத இச்சேதனப் பொருளைக் காற்றின்றி ஏறத்தாழ 500 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால்தான் எண்ணெய் பிரியும். பாசியிலிருந்து வந்த கெரோஜனில் ஐதரசன் மிகுதி. நம் வாவிக்குக் கண்டல் மரங்கள் தரும் இலையும் தடியும் ஐதரசன் குறைந்தவை. அவை புதைந்து முதிர்ந்தாலும் பெரும்பாலும் வாயுவையே தரும்.

அமெரிக்காவின் கொலராடோ, யூட்டா, வயோமிங் மாநிலங்களில் பரவியுள்ள கிறீன் ரிவர் படிவைப் பாருங்கள். ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரும் ஏரிகளின் அடியில் படிந்த அப்பாறையின் வளமான அடுக்குகளில் களிக் கனியங்களைவிட டொலமைட்டு, கல்சைட்டு என்னும் காபனேற்றுக் கனியங்களே மேலோங்கியிருக்கின்றன. குவார்ட்சும் பெல்ட்ஸ்பாரும் உடனிருக்கின்றன. கொலராடோப் பகுதியில் நாகொலைட்டும் கிடைக்கிறது. அது வேறொன்றுமில்லை, நம் சமையலறை அப்பச்சோடாவேதான்! சோடியமும் காபனேற்றும் செறிந்த காரநீர் அங்கே நின்றதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. அத்தகைய ஏரியின் உவர்ப்பான அடிநீரில் ஒட்சிசன் இல்லாததால், மேலே செழித்த பாசி இறந்து அடியில் படிந்தபின் அழுகித் தீராமல் தங்கியது. எஸ்தோனியாவின் குக்கர்சைட்டு என்னும் எண்ணெய் ஷேல் ஏறத்தாழ 46 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஆழமற்ற கடலில், சுண்ணக்கல்லோடு அடுக்கடுக்காகப் படிந்தது. அந்நாடு அதை எரித்து மின்சாரம் எடுத்துவருகிறது.

மட்டக்களப்பின் அடிப்பாறையோ இலங்கையின் கிழக்கே பரவியுள்ள விஜயன் பாறைத் தொகுதியைச் சேர்ந்த நைஸ் என்னும் உருமாறிய பாறை. நிலத்தின் ஆழத்தில் 600 பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்தில் உருமாறிய பாறையில் கெரோஜன் எஞ்சாது. காபன் இருந்திருந்தால் காரீயமாகியிருக்கும் (பென்சிலில் உள்ள கிராபைட்டு). வாவிச் சேற்றுக்கோ வயது சில ஆயிரம் ஆண்டுகளே. பாறையாக இறுகுவதற்கே அது போதாது.

ஆகவே அங்கே எண்ணெய் தேட வேண்டாம். ஆனால் அச்சேற்றை அள்ளி வரம்பில் போடுவோரும் இறால் குளம் வெட்டுவோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பைரைட்டுள்ள சேறு காற்றுப்பட்டுக் காய்ந்தால் கந்தக அமிலம் உண்டாகி, மழையோடு வயலுக்கும் குளத்துக்கும் இறங்கும்.