வெள்ளைத்தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: என் கணவர் கொத்தனார். மாதவரத்தில் அடுக்குமாடி வேலையில் ஐந்தாவது மாடிச் சாரத்திலிருந்து இரும்பு கிளாம்ப் விழுந்து தோள் எலும்பு முறிந்துவிட்டது. ஸ்டான்லியில் காட்டினோம். மேஸ்திரி 5,000 ரூபாய் கொடுத்து வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்கிறார். ஹெல்மெட் போடாததால் கேஸ் நிற்காது என்கிறார். என்ன செய்வது?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: வைத்தியத்துக்குக் கொடுத்த பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா, தவறில்லை. கையெழுத்து வேண்டாம். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுத்து எழுதித் தந்தாலும் சட்டப்படி அது செல்லாதுதான். ஆனால் வெள்ளைத்தாளில் நாளைக்கு 'வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்தேன்' என்று எழுதிக்கொண்டால் என்ன செய்வீர்கள்?

இதே காரணத்துக்காக ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி வாங்கி உடனே படித்துப் பாருங்கள். கூட வந்த ஆள் சொன்னதைத்தான் பெரும்பாலும் அதில் எழுதுவார்கள். 'வேலை இடத்தில், மேலிருந்து பொருள் விழுந்து' என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் காவல் நிலையத்தில் நடந்ததை எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) வாங்குங்கள்.

ஹெல்மெட் பேச்சுக்குப் பயப்படாதீர்கள். கொடுத்து, போடச் சொல்லி, வேண்டுமென்றே மீறியிருந்தால்தான் அந்த வாதமே எழும். அதுவும் அடிபட்டது தோளில். தலைக்கவசம் தோளை எப்படிக் காக்கும்? 15 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கிளாம்ப் தரைக்கு வரும்போது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். சாரத்தின் ஓரத்தில் தடுப்புப் பலகையும் கீழே வலையும் கட்டாதது யார் தவறு என்று நீங்கள் கேளுங்கள்.

சம்பளச் சீட்டு இருக்காது, தெரியும். மேஸ்திரி அனுப்பிய ஜிபே பதிவு, கூட வேலை செய்தவர்கள் இருவரின் பெயர், சைட் வாசலில் உள்ள போர்டின் போட்டோ – இவை போதுமான தொடக்கம். போர்டை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மேஸ்திரி கைவிரித்தாலும், வேலையை காண்ட்ராக்ட் விட்ட பில்டருக்கும் பொறுப்பு உண்டு.

மருத்துவச் செலவு முழுவதும், வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு மாதக் கூலியில் பாதி அளவும் கேட்கலாம். கை பழையபடி தூக்க முடியாமல் போனால், டாக்டர் சொல்லும் ஊனச் சதவீதத்தை வைத்துத் தனி இழப்பீடு. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்திருந்தால் மட்டும் வழி வேறு. இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

மனுவைத் தொழிலாளர் துணை ஆணையரிடம் கொடுக்க வேண்டும். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் விசாரியுங்கள். விபத்து நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் கூட வேலை செய்தவர்கள் அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்கள் போன் நம்பரை இந்த வாரமே எழுதி வையுங்கள்.